மேசைக்கணினி மென்பொருளைச் சோதிக்கும் இலவசக் கருவிகள்

மனிதன் ஆக்கும் பொருள் எதுவாயினும் அதனைப் பயன்படுத்துமுன் சோதித்துப் பார்த்தல் தொன்றுதொட்டு வந்த வழக்காகும். பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றறிந்தனர். மட்குடத்தைத் தட்டி ஓசை கேட்டனர். புதிய தோணியை ஆழமில்லாத நீரில் இறக்கி, ஒழுக்கில்லை என்று கண்ட பின்னரே கடலிற் செலுத்தினர். இக்காலத்தில் மனிதன் ஆக்கும் பொருள்களுள் மென்பொருள் என்பதும் ஒன்று. அது தட்டினால் ஒலிப்பதில்லை, தூக்கினாற் கனப்பதில்லை, அதன் குற்றம் கண்ணுக்கும் புலனாவதில்லை. எனினும், சம்பளமும் சேமிப்பும் பரீட்சைப் பெறுபேறும் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவும் இன்று அதனை நம்பியே இயங்குகின்றன. ஆதலின், அதனைச் சோதித்தல் பிற பொருள்களைச் சோதித்தலினும் இன்றியமையாதது என்பது சொல்லாமலே அமையும்.

மட்குடத்துக்கும் மென்பொருளுக்கும் பிறிதொரு வேற்றுமையும் உண்டு. ஒரு முறை நன்றெனக் கண்ட குடம், உடையும் வரையும் நல்ல குடமே. மென்பொருளோ அத்தகையதன்று. அதனை ஆக்கியோர் திங்கள்தோறும், சிலவேளை நாள்தோறும், அதில் மாற்றஞ் செய்தவண்ணம் இருப்பர். ஓரிடத்திற் செய்த திருத்தம், அதனோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும் மற்றோரிடத்திற் பிழையை உண்டாக்குதல் வழக்கம். எனவே, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் முன்னர்ச் சோதித்தவை அனைத்தையும் மீளச் சோதித்தல் வேண்டும். இம்மீள்சோதனையை மனிதர் கைகளால் ஓயாது செய்தல் அரிது. செய்யினும் சலிப்பினாலே கவனம் தளரும். இங்குதான் சோதனையை யந்திரத்திடம் ஒப்படைக்கும் கருவிகள் துணைக்கு வருகின்றன. அவற்றுட் பல இலவசமாகவே கிடைக்கின்றன என்பது, பொருள்வளம் குறைந்த நிறுவனங்களும் கல்லூரிகளும் கருதத்தக்க செய்தியாகும்.

சோதனைக் குறைவின் விளைவு

சோதிக்கப்படாத ஒரு சிறு பிழை எத்துணைத் தீமை பயக்கும் என்பதற்கு, பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் என்னும் கணக்கு முறைமை பெருஞ் சான்றாகும். 1999ஆம் ஆண்டில் அஞ்சலகங்களிற் புகுத்தப்பட்ட அம்முறைமை, கணக்கிற் பணம் குறைவதாகப் பல இடங்களிற் காட்டியது. யந்திரம் பிழைக்காது என்ற நம்பிக்கையினால், குறைந்த பணத்தை அஞ்சலகப் பொறுப்பாளரே கவர்ந்தனர் என்று முடிவு செய்யப்பட்டது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; பலர் வீட்டையும் நற்பெயரையும் இழந்தனர். 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம் அம்முறைமையிற் குற்றங்கள் இருந்தமையை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புக்களை நீக்கியது.

அந்நீதிமன்றம் ஆராய்ந்த குற்றங்களுள் ஒன்று, ஸ்கொத்லாந்திலுள்ள டல்மெலிங்டன் என்னும் ஊரில் 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஒரு பொறுப்பாளர் தம் அஞ்சலகத்திலிருந்து அதன் துணை அஞ்சலகத்துக்கு 8,000 பவுண் மாற்றியதாகப் பதிய முயன்றார். திரை அசையாது நின்றுவிட்டது. அவர் உட்புகுத்தும் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். நான்கு முறை அழுத்தியமையால் நான்கு பதிவுகள் உண்டாயின. 8,000 பவுண், கணக்கில் 32,000 பவுணாகி, 24,000 பவுண் குறைவதாகக் காட்டிற்று. இதே குற்றம் ஐந்தாண்டுகளாக வேறு பல கிளைகளிலும் நிகழ்ந்தமை பின்னர்த் தெரியவந்தது.

இக்குற்றத்தின் இயல்பு உற்று நோக்கற்பாலது. கூட்டலிலோ கழித்தலிலோ நேர்ந்த பிழை அன்று இது. திரைக்கும் மனிதனின் விரலுக்கும் இடையே நேர்ந்த பிழையாகும். உள்ளேயுள்ள கணித விதிகளை மட்டும் சோதித்திருப்பின் இஃது அகப்பட்டிராது. திரையைத் திறந்து, தொகையை எழுதி, விசையை நான்கு முறை அழுத்தி, பதிவு ஒன்றே உண்டாயிற்றா என்று பார்த்திருப்பின் அகப்பட்டிருக்கும். மனிதன் செய்வது போலவே திரையினூடாகச் செய்து பார்க்கும் இவ்வகைச் சோதனையே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

மேசைக்கணினி மென்பொருளும் அதன் சோதனையும்

பயனர் கையாளும் மென்பொருள்கள் பல வகைப்படும். இணைய உலாவியினுள்ளே இயங்குவன ஒருவகை. கைத்தொலைபேசியில் இயங்குவன ஒருவகை. கணினியிலேயே நிறுவப்பட்டுத் தமக்கெனச் சாளரம் திறந்து இயங்குவன பிறிதொருவகை. இறுதியிற் சொல்லப்பட்டதே மேசைக்கணினிப் பிரயோக மென்பொருள். வங்கிக் கிளையின் காசாளர் மேசையிலும், மருந்துச்சாலையிலும், கல்லூரி அலுவலகத்திலும், ஆய்வுகூடத்திலும் இன்றும் இவ்வகையே மிகுதி.

உலாவியில் இயங்குவனவற்றைச் சோதித்தல் ஒப்பளவில் எளிது. இணையப்பக்கத்தின் அமைப்பு உலாவிக்கு வெளிப்படையாகத் தெரியும். 2004ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஜேசன் ஹகின்ஸ் என்பார் தொடங்கிய செலீனியம் என்னும் இலவசக் கருவி அவ்வமைப்பைப் பற்றியே பெருகி வளர்ந்தது. மேசைக்கணினி மென்பொருளுக்கு அத்தகைய பொது அமைப்பு இல்லை. ஒன்று ஜாவாவில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று டொட்நெற்றில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று முப்பதாண்டுக்கு முன் எழுதப்பட்ட பழஞ் செய்நிரலாயிருக்கும். ஒவ்வொன்றும் தன் பொத்தான்களையும் பெட்டிகளையும் தனக்குரிய முறையில் வரையும். ஆகவே, சோதனைக் கருவி முதலில் விடை காணவேண்டிய வினா இதுவாகும்: திரையில் உள்ள பொத்தானை யந்திரம் எவ்வாறு கண்டுகொள்ளும்?

இதனை விளக்க ஓர் உதாரணம் கொள்க. ஒரு கல்லூரியில் மாணவரின் புள்ளிகளைப் பதியும் மென்பொருள் ஒன்று உளது. புள்ளியை எழுதும் பெட்டியும், ‘சேமி’ என்னும் பொத்தானும், தரத்தைக் காட்டும் இடமும் அதன் திரையில் உள்ளன. க.பொ.த. சாதாரண தர முறைப்படி 75உம் மேலும் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ் எனத் தரம் வழங்கப்படும். ஒன்பது பாடங்களுக்கும் 0 முதல் 100 வரை வரக்கூடிய புள்ளிகளின் சேர்க்கைகள் அனைத்தையும் சோதிக்கப் புகின், அவை 10இன் 18ஆம் வலுவையும் விஞ்சும். செக்கனுக்கு ஒன்றாகச் சோதிக்கினும் 3,400 கோடி ஆண்டுகளுக்கு மேற் செல்லும். ஆகவே அனைத்தையும் சோதித்தல் என்பது யந்திரத்துக்கும் இயலாத ஒன்று. சோதனை செய்வோன் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

தெரிந்தெடுக்கும் முறைகளுட் சிறந்தது எல்லைப் பெறுமானங்களை நோக்கல். பிழைகள் எல்லையிலேயே பதுங்கியிருக்கும். ‘35உம் மேலும்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘35இலும் மேல்’ என்று செய்நிரலாளர் எழுதிவிடுதல் எளிது. எனவே 34, 35, 49, 50, 64, 65, 74, 75 ஆகியனவும், ஈரந்தங்களாகிய 0, 100 ஆகியனவும், எல்லைக்கு அப்பாற்பட்ட -1, 101 ஆகியனவும், வெற்றிடமும், எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தும் எனப் பதினான்கு சோதனைகள் போதியன. ஒன்பது பாடங்களுக்கும் 126 சோதனைகளாம். ஒன்றுக்கு இரண்டு நிமிடமாக மனிதர் செய்யின் நான்கு மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். யந்திரம் சில நிமிடங்களிற் செய்து முடிக்கும். அடுத்த திருத்தம் வந்த அன்றே சலிப்பின்றி மீளவும் செய்யும்.

யந்திரம் திரையைக் காணும் மூன்று வழிகள்

முதல் வழி, இடத்தைக் கொண்டு காணல். திரையின் இடது ஓரத்திலிருந்து இத்தனை புள்ளி, மேல் ஓரத்திலிருந்து இத்தனை புள்ளி என்று அளந்து, அங்கே சுட்டியை அழுத்துமாறு கட்டளையிடுதல். கண்ணிழந்தவன் அடியெண்ணி நடப்பதனை இஃது ஒக்கும். வழியிற் கல்லொன்று புதிதாக வைக்கப்படின் அவன் இடறுவான். சாளரம் சிறிது விலகி நிற்பின் கருவியும் தவறான இடத்தை அழுத்தும். வேறு வழி எதுவும் இல்லாதபோது மாத்திரம் கொள்ளத்தக்கது இவ்வழி.

இரண்டாவது வழி, உருவத்தைக் கொண்டு காணல். பொத்தானின் சிறு படமொன்றைச் சேமித்து வைத்து, அதனை ஒத்த உருவம் திரையில் எங்கே உளதென்று கருவியே தேடும். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் உருவான சிக்குலி என்னும் கருவி இவ்வழியைப் பரவச் செய்தது. சிக்குலி என்பது மெக்சிக்கோ நாட்டு ஹூயிச்சோல் மக்களின் மொழியில் ‘இறைவனின் கண்’ எனப் பொருள்படும். இது பின்னர்ச் சிக்குலிஎக்ஸ் என்னும் பெயரில் தன்னார்வ முயற்சியாற் பேணப்பட்டது. சேமித்த படமும் திரையிலுள்ள உருவமும் முற்றும் ஒத்திருத்தல் வேண்டுமென்று அது வற்புறுத்துவதில்லை. பத்தில் ஏழு பங்களவு ஒப்புமை இருப்பின் ஏற்றுக்கொள்ளும். அவ்வளவைச் சோதிப்போன் கூட்டலாம், குறைக்கலாம்.

இவ்வழியின் சிறப்பு, கண்ணுக்குத் தெரிவது எதுவாயினும் அதனைக் கையாள இயலும் என்பது. பழஞ் செய்நிரலாயினும், தொலைவிலுள்ள கணினியின் திரையாயினும், வரைபடமாயினும் வேற்றுமை இல்லை. குறை யாதெனில், எழுத்தின் பருமனோ நிறமோ திரையின் நுணுக்கமோ மாறுமாயின் சேமித்த படங்கள் அனைத்தும் ஒருங்கே பயனற்றுப்போகும்.

மூன்றாவது வழி, பெயரைக் கொண்டு காணல். மூன்றனுள்ளும் இதுவே தலைசிறந்தது. இதன் வரலாறும் உள்ளத்தைத் தொடுவது. பார்வையற்றோர் கணினியைக் கையாளும் பொருட்டு, திரையில் உள்ளவற்றை வாசித்துச் சொல்லும் கருவிகள் உருவாக்கப்பட்டன. பொத்தானின் படத்தை அக்கருவி வாசித்தல் இயலாது. ‘இது பொத்தான், இதன் பெயர் சேமி, இஃது இப்போது அழுத்தத்தக்க நிலையில் உளது’ என்னும் செய்தியை மென்பொருளே தெரிவித்தல் வேண்டும். அதற்கென மைக்ரோசொப்ட் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் ஓர் அணுகல் இடைமுகத்தை வெளியிட்டது. பின்னர் விண்டோஸ் விஸ்ராவுடன் அதனினும் விரிவான யூஐ ஒட்டோமேஷன் என்னும் இடைமுகம் வந்தது. லினக்ஸ் முறைமையிலும் இத்தகைய அணுகல் இடைமுகம் உண்டு. அவுஸ்திரேலியாவிற் பார்வையற்றவராகிய மைக்கல் கரன் 2006ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானும் இத்தகைய இடைமுகங்களைக் கொண்டே இயங்குகின்றது.

பார்வையற்றோருக்காகத் திறக்கப்பட்ட இவ்வாயிலினூடாகவே சோதனைக் கருவிகளும் உட்புகுந்தன. யந்திரமும் கண்ணில்லாததன்றோ! எனவே, பொத்தான்களுக்கும் பெட்டிகளுக்கும் முறையாகப் பெயரிடப்பட்ட மென்பொருள் சோதித்தற்கும் எளிது. பார்வையற்றோர் பயன்படுத்துதற்கும் எளிது. சோதனைக் கருவி ஒரு பொத்தானைக் காணாது தடுமாறுமாயின், பார்வையற்ற பயனரும் அவ்விடத்திலே தடுமாறுவர் என்று அறிதல் வேண்டும்.

இவ்விடைமுகத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரோடு அடையாளக்குறி ஒன்றும் கொடுக்கலாம். பெயர் பயனருக்குக் காட்டப்படுவது. குறி மறைவாக நிற்பது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் இயங்கும் இலங்கை மென்பொருளுக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. மொழியை மாற்றியதும் ‘சேமி’ என்னும் பெயர் வேறாகும், மறைகுறி மாறாது. பெயரை நம்பிய சோதனைக்கு மூன்று வடிவங்கள் வேண்டும். குறியை நம்பிய சோதனைக்கு ஒன்றே போதும்.

கருவிகள் சில

விண்டோஸ் முறைமைக்குரிய பழைய கருவிகளுள் ஒட்டோஇற் என்பது ஒன்று. 1999ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கருவி, பெருந்தொகையான கணினிகளில் மென்பொருள் நிறுவும் வேலையைத் தானே நடைபெறச் செய்யும் பொருட்டு ஆக்கப்பட்டது. பேசிக் மொழியை ஒத்த எளிய கட்டளைகள் கொண்டது. சாளரத்தைப் பெயரால் அழைத்து, அதனுள்ளிருக்கும் உறுப்பைச் சுட்டி, எழுத்தை இட்டு, பொத்தானை அழுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. அதன் பழைய வடிவொன்றின் கட்டளை முறையைத் தழுவி 2003ஆம் ஆண்டில் உருவானதே ஒட்டோஹொட்கீ. இவை இரண்டும் சோதனைக்கென்றே பிறந்தவை அல்ல. ஆயினும் சிறு சோதனைகளுக்கு விரைவிற் கைகொடுப்பன.

பைதன் மொழி கற்ற மாணவருக்குப் பைவின்ஓட்டோ என்பது பொருத்தமானது. பழைய விண்டோஸ் செய்நிரல்களுக்கு ஒருவழியும், யூஐ ஒட்டோமேஷன் இடைமுகத்தை உடையனவற்றுக்கு வேறொரு வழியும் என இருவழிகள் அதில் உள்ளன. டொட்நெற் மொழிகளில் எழுதுவோர் பிளாயுஐ என்னும் நூலகத்தை நாடுவர். லினக்ஸ் முறைமையில் டொக்டெயில் என்பது அணுகல் இடைமுகத்தைப் பற்றிப் பைதன் மொழியில் இயங்குகின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வின்அப்டிரைவர் என்னும் கருவியை வெளியிட்டது. உலாவிச் சோதனைக்கு வழங்கிய கட்டளை முறையையே மேசைக்கணினிக்கும் வழங்கச் செய்தமையால் அது பலராலும் விரும்பப்பட்டது.

கருவியொன்றைத் தெரியுமுன், சோதிக்கப்படும் மென்பொருள் தன் உறுப்புக்களை வெளிப்படுத்துகின்றதா என்று அறிதல் நன்று. அதற்கென அக்செசிபிலிற்றி இன்சைற்ஸ் என்னும் இலவசத் துணைக்கருவி உண்டு. சுட்டியை ஒரு பொத்தான்மேல் வைத்தால் அதன் பெயர், வகை, மறைகுறி ஆகியவற்றை அது காட்டும். யாவும் தெளிவாகத் தெரியின் மூன்றாவது வழியைக் கொள்க. சாளரம் முழுவதும் ஒரே வெறும் பரப்பாகத் தோன்றின் உருவ வழியைக் கொள்க. பெரும்பான்மையைப் பெயராற் கண்டு, எஞ்சிய ஓரிரண்டை உருவத்தாற் காணுதல் நடைமுறையில் ஏற்றது.

மேற்கூறிய கருவிகள் யாவும் கையை ஒப்பன. அக்கைகளை இயக்கி, சோதனைகளை வரிசைப்படுத்தி, முடிவை அறிக்கையாகத் தருவதற்குச் சட்டகம் ஒன்று வேண்டும். பின்லாந்து நாட்டில் பெக்கா கிளார்க் என்பவரின் 2005ஆம் ஆண்டுப் பட்டமேற்படிப்பு ஆய்விலே கருக்கொண்டு, 2008ஆம் ஆண்டில் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட ரொபொட் பிரேம்வேர்க் அத்தகையது. அதில் சோதனையைச் செய்நிரல் போலன்றிச் சாதாரண வாக்கியம் போல எழுதலாம். வாக்கியங்களைத் தமிழிலேயே அமைத்தலும் கூடும். ‘புள்ளியை எழுதுக 35’, ‘சேமி பொத்தானை அழுத்துக’, ‘தரம் எஸ் என இருத்தல் வேண்டும்’ என்றவாறு எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உரிய செயலை ஓரிடத்தில் மாத்திரம் விளக்கிவிடின், செய்நிரல் அறியாத ஆசிரியரும் அதனை வாசித்துச் சரி பிழை கூற இயலும். திரை மாறும்போது திருத்தவேண்டியதும் அவ்வோரிடமேயாகும்.

இலவசமும் சுதந்திரமும்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லே விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கே மயக்கம் உண்டு. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983ஆம் ஆண்டில் றிச்சர்ட் ஸ்ரோல்மன் தொடங்கிய இயக்கம் வற்புறுத்தியது பின்னதையே. மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்கவும், அதன் மூலத்தைக் கற்றுத் திருத்தவும், பிறர்க்குப் பகிரவும், திருத்தியதைப் பகிரவும் உரிமை இருத்தல் வேண்டும் என்பது அதன் கோட்பாடு.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. வின்அப்டிரைவர் இலவசமாகக் கிடைத்தது. அதன் மூலமோ வெளியிடப்படவில்லை. 2020ஆம் ஆண்டின் பின்னர் அதன் வளர்ச்சி பெரிதும் தடைப்பட்டது. அதனை நம்பிச் சோதனைகளை எழுதியோர் குறைகளைக் கண்டும் தாமே திருத்த வழியின்றி நின்றனர். மாறாக, பைவின்ஓட்டோ, பிளாயுஐ, ரொபொட் பிரேம்வேர்க் முதலியவற்றின் மூலம் திறந்தே கிடக்கின்றது; ஒருவர் விட்டால் மற்றொருவர் ஏற்கலாம். விலையில்லை என்பதை மட்டும் நோக்கித் தெரிவோர், நாளை அக்கருவி கைவிடப்படின் யாது செய்வது என்பதையும் எண்ணுதல் கடன். அன்றியும், கருவிக்கு விலை இல்லையாயினும் கற்றலுக்கும் பேணலுக்கும் உழைப்பு உண்டு. அதுவும் ஒருவகை விலையே.

காலமும் வேகமும்

திரைச் சோதனையில் இடர் விளைப்பவற்றுள் முதன்மையானது காலம். பொத்தானை அழுத்திய பின் விடை தோன்றச் சிறிது நேரம் செல்லும். யந்திரமோ கண்ணிமைக்குமுன் அடுத்த செயலுக்குத் தாவும். விடை காணப்படவில்லை என்று பிழையாக அறிவிக்கும். இதற்கு அஞ்சிச் சிலர் ஒவ்வொரு படியிலும் ஐந்து செக்கன் சும்மா இருக்குமாறு கட்டளையிடுவர். அது தவறான மருந்து. கணினி விரைவாயிருக்கும் நாளில் நேரம் வீணாகும். தாமதமாயிருக்கும் நாளில் ஐந்து செக்கனும் போதாது. ‘தரம் தோன்றும் வரை காத்திரு, முப்பது செக்கனுக்குள் தோன்றாவிடிற் பிழையென அறிவி’ என்று நிபந்தனையோடு காத்திருக்கச் செய்தலே முறை. இன்று சரியென்றும் நாளை பிழையென்றும் காரணமின்றி மாறிச் சொல்லும் சோதனை, சோதனை இல்லாமையினும் தீயது. அதன் எச்சரிக்கையை ஒருவரும் நம்பார். மெய்யான பிழை வந்தபோதும் பொருட்படுத்தார்.

ஆயினும் வேகம் எப்போதும் பகையன்று. தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சை யந்திரத்தின் வரலாறு இதனை உணர்த்தும். 1985க்கும் 1987க்கும் இடையில் அவ்வியந்திரம் வட அமெரிக்காவில் ஆறு நோயாளருக்கு அளவு மீறிய கதிரைச் செலுத்தியது; அவருட் சிலர் இறந்தனர். 1986ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகரில் விபத்து நேர்ந்தபோது, அதனை ஆராய்ந்த பொறியியலாளர் அப்பிழையை மீள உண்டாக்க இயலாது திரும்பினர். அதே இடத்தில் இரண்டாம் விபத்தும் நேர்ந்தது. பின்னர் வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் யந்திரத்தை இயக்கியவரும் பலமுறை முயன்று உண்மையைக் கண்டனர். கதிரின் வகையைப் பிழையாக எழுதிவிட்டு, எட்டுச் செக்கனுக்குள் மேலே சென்று அதனைத் திருத்தினால், திரையில் திருத்தம் தோன்றும். யந்திரத்தின் உள்ளே அது முறையாகச் சென்று சேராது. பழகிய கைக்கே அவ்வேகம் உண்டு. மெதுவாகத் தட்டிச் சோதித்தோர்க்கு அப்பிழை அகப்படவில்லை. எனவே, பயனர் செய்யும் வேகத்திலும், அதனினும் கூடிய வேகத்திலும், தாமதித்தும் சோதித்தல் வேண்டும். இவ்வாறு வேகத்தை மாற்றி ஒரே செயலை நூறு முறை செய்தல் மனிதனுக்கு அரிது, கருவிக்கு எளிது.

தமிழ் எழுத்தின் சிக்கல்

தமிழில் இயங்கும் மென்பொருளைச் சோதிப்போர் அறியவேண்டிய சில நுணுக்கங்கள் உள. ‘கொ’ என்னும் எழுத்தை யூனிக்கோட் முறையில் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. திரையில் ‘கொழும்பு’ என்று சரியாகத் தோன்றினும், ஒப்புநோக்கும் கருவி ‘பிழை’ என்று கூறக்கூடும். இரண்டையும் ஒரு வடிவாக்கிய பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் நிலைமை இன்னும் வேறுபட்டது. அங்கே சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே. எழுத்துருவின் உருவத்தால் மாத்திரம் அவை தமிழாகத் தோன்றும். பெயர் வழியிற் செல்லும் கருவி அங்கே பொருளற்ற ஆங்கில எழுத்துக்களையே காணும். இத்தகைய பழைய மென்பொருளைச் சோதிக்குமிடத்து, அவ்வெழுத்துக்களை யூனிக்கோட்டுக்கு மாற்றி ஒப்பிடுதலோ, உருவ வழியைக் கைக்கொள்ளுதலோ வேண்டும். பிறமொழி நூல்களில் இதற்கு வழிகாட்டல் காண்பது அரிது. இங்குள்ளோரே செய்துகொள்ள வேண்டிய பணி இது.

கருவியின் எல்லை

சோதனைக்கென உண்மையான மாணவரின் புள்ளிகளையோ வாடிக்கையாளரின் கணக்கையோ எடுத்தலாகாது. கற்பனைத் தரவுகளைக் கொண்ட தனிப்படியிலேயே சோதித்தல் வேண்டும். சுட்டியையும் விசைப்பலகையையும் கருவி கைக்கொள்ளும் நேரத்தில் அக்கணினியில் வேறெவரும் வேலை செய்தலும் கூடாது. திரை பூட்டப்படின் இத்தகைய சோதனை நின்றுவிடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அன்றியும், திரையினூடாகச் செய்யும் சோதனை மெதுவானது, எளிதில் முறிவது. தர விதி போன்ற கணக்குகளைத் திரையின்றி உள்ளேயே சோதித்தல் விரைவு. அத்தகைய உட்சோதனைகள் மிகுதியாகவும், திரைச் சோதனைகள் இன்றியமையாத சிலவாகவும் அமைதலே நன்று. எச்செயல் பிழைத்தால் ஒருவர் வாழ்வு கெடுமோ, அச்செயலைத் திரையிலும் சோதித்தல் வேண்டும்.

இவை எல்லாம் செய்த பின்னரும் மென்பொருள் குற்றமற்றது என்று கூறல் இயலுமா? இயலாது. சோதனையாற் பிழை உண்டென்று காட்டலாம். பிழையே இல்லையென்று நிறுவ இயலாது என்று ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களின் இறுதியிலேயே தெளிவுபடுத்தினார். கருவி, கேட்கச் சொன்ன வினாவை மாத்திரமே கேட்கும். விசையை நான்கு முறை அழுத்திப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மனிதன் உள்ளத்தில் எழுதல் வேண்டும். எழுந்த பின் அதனை ஆயிரம் முறை செய்து காட்டுவதே கருவியின் தொழில். சலிப்பூட்டும் வேலையை அது ஏற்றுக்கொள்வதால், ‘பயனர் இங்கே என்ன பிழை செய்யக்கூடும்?’ என்று சிந்திக்கும் ஓய்வு மனிதனுக்குக் கிட்டுகின்றது. கருவியாற் பெறும் பெரும்பயன் இவ்வோய்வேயாகும்.

பெருஞ் செல்வமுடைய நிறுவனங்களே நல்ல சோதனைக் கருவிகளைப் பெறமுடியும் என்ற நிலை இன்று இல்லை. கணினி ஒன்றும் இணையத் தொடர்பும் ஊக்கமும் உடைய மாணவர் எவரும் மேற்கூறியவற்றைப் பெற்றுப் பயிலலாம். தம் கல்லூரி அலுவலகத்தின் மென்பொருளிலிருந்தே தொடங்கலாம். கணக்குத் தவறும்போது மனிதரை ஐயுறுமுன் யந்திரத்தைச் சோதித்தல் அறம் என்பதை ஹொரைசன் வரலாறு கற்பிக்கின்றது. அவ்வறத்தைச் செய்தற்குரிய கருவிகள் விலையின்றியே கிடைக்குங்கால், செய்யாதிருத்தற்கு வறுமை காரணமாகாது.